குருணை வாசலைத் தாண்டாமல் இருக்க: மணலி, எண்ணூர் குடியிருப்போருக்கான வழிமுறை

பிளாஸ்டிக் வார்ப்படக் கூடம் ஒன்றில் சரக்கறைப் பொறுப்பாளராகப் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். கூடத்தின் பெயர் இங்கே தேவையில்லை. பிளாஸ்டிக், வாளியாகவோ குழாயாகவோ பையாகவோ உருமாறுவதற்கு முன்னால், ஜவ்வரிசி அளவுள்ள மணிகளாக, 25 கிலோ மூட்டைகளில் வந்து இறங்கும். பட்டறைகளில் இதைக் குருணை என்றும் கிரானூல்ஸ் என்றும் சொல்வார்கள். ஒரு மணி 2 முதல் 5 மில்லிமீட்டர் வரை இருக்கும். எடை ஏறத்தாழ 20 மில்லிகிராம். அப்படியானால் ஒரு கிலோவில் 50,000 மணிகள், ஒரு மூட்டையில் பன்னிரண்டரை லட்சம் மணிகள். கூடத்துக்குள் இருக்கும்வரை இது காசு கொடுத்து வாங்கிய மூலப்பொருள். வாசலைத் தாண்டிக் கால்வாயில் விழுந்துவிட்டால் அதைத் திரும்ப எடுக்க ஆளுமில்லை, கருவியுமில்லை.

ஒரு மழை இரவு நினைவிருக்கிறது. கவைவண்டியின் (ஃபோர்க்லிஃப்ட்) முள் குத்தி இரண்டு மூட்டைகள் கிழிந்து, ஏற்றுமேடை முழுவதும் வெள்ளையாகச் சிதறிக் கிடந்தது. பெருக்க வந்த பையன் விளக்குமாற்றை வைத்தபோதெல்லாம் குருணை உருண்டு ஓடியது. “அண்ணே, தண்ணி அடிச்சு விட்ரட்டா?” என்று கேட்டான். நானும் சரி என்றேன். ஐந்து நிமிடத்தில் மேடை பளிச்சென்று ஆகிவிட்டது. அந்தத் தண்ணீர் மழைநீர் வடிகாலில் இறங்கிப் பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் முகத்துவாரத்துக்குப் போகும் என்பதை நாங்கள் இருவருமே அன்று யோசிக்கவில்லை. எங்களை யோசிக்க வைக்கும் நிபந்தனை எதுவும் எந்தத் தாளிலும் இருக்கவில்லை. அப்படியொரு நிபந்தனையை எழுத வைப்பது எப்படி என்பதே இந்த வழிமுறையின் நோக்கம்.

எங்கே சிந்துகிறது

கடலில் மிதக்கும் குருணை என்றதும் கப்பல் விபத்துதான் பலருக்கு நினைவு வருகிறது. 2021-ல் கொழும்புக்கு அருகே எக்ஸ்-பிரஸ் பேர்ல் கப்பல் எரிந்து மூழ்கியபோது ஏறத்தாழ 1,680 டன் குருணை கடலில் கலந்தது. 2025 மே மாதம் கொச்சிக்கு அப்பால் எம்.எஸ்.சி. எல்சா 3 மூழ்கிய சில நாள்களில் கன்னியாகுமரிக் கரையிலும் குருணை ஒதுங்கியது. இவை பெரிய விபத்துகள். நாளிதழில் படத்தோடு வரும். ஆனால் சென்னைக் கடற்கரையில் 2015 மார்ச்சிலும், பெருமழைக்குப் பின் அதே ஆண்டு நவம்பரிலும் குருணையை எண்ணிப் பார்த்த ஆய்வாளர்கள், நவம்பரில் அது ஏறத்தாழ மூன்று மடங்காக இருந்ததைக் கண்டார்கள். இடையில் இங்கே எந்தக் கப்பலும் மூழ்கவில்லை. வெள்ளம் நகருக்குள்ளிருந்து வாரிக்கொண்டு வந்த சரக்கு அது.

ஆகவே முதலில் தரையைப் பார்க்கவேண்டும். லாரியிலிருந்து மூட்டை இறக்கும்போது சுமைதூக்குவோரின் கொக்கி பட்டுக் கிழிவது, ஜம்போ பையின் அடிவாயை அவிழ்க்கும்போது ஓரமாக ஒழுகுவது, இயந்திரத்தின் கூம்பில் கொட்டும்போது சிதறுவது, மாதிரி எடுத்த குழாயின் வாயை மூடாமல் விடுவது எனச் சிந்தும் இடங்கள் பெரும்பாலும் கூடத்துக்குள்தான் இருக்கின்றன. கூடத்துக்கு வெளியே நடக்கும் ஒன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். சரக்கை இறக்கிவிட்ட கன்டெய்னரை ஓட்டுநர் சாலையோரத்தில் நிறுத்தி, உள்ளே மிச்சமிருப்பதைப் பெருக்கித் தள்ளிவிட்டு அடுத்த சரக்குக்குப் போகிறார். துறைமுகத்துக்கும் சரக்குப் பெட்டக நிலையங்களுக்கும் போகும் சாலைகளில் வடிகால் வாய்களைச் சுற்றிக் குருணை கிடந்தால் இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். இதற்குத் தொழிற்சாலை முதலாளி பொறுப்பேற்க மாட்டார். லாரிக்காரரைக் கேட்டால், சுத்தமான கன்டெய்னரைத்தான் திருப்பித் தரச் சொல்கிறார்கள் என்பார். இருவர் சொல்வதும் உண்மைதான். அதனால்தான் விதி வேண்டியிருக்கிறது.

சட்டத்தில் உள்ள ஓட்டை

மனு எழுதுபவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இந்த இடத்தில்தான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். மனுவின் முதல் வரியிலேயே நுண்பிளாஸ்டிக் என்ற சொல்லை எழுதாதீர்கள். பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகளில் 2024-ல் செய்த திருத்தம், 1 மைக்ரான் முதல் 1,000 மைக்ரான் வரையுள்ள, நீரில் கரையாத திடத் துகளே நுண்பிளாஸ்டிக் என்கிறது. 1,000 மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டர். நம் குருணையோ இரண்டு மில்லிமீட்டருக்குக் குறையாது. அறிவியல் உலகில் 5 மில்லிமீட்டருக்கு உட்பட்ட எல்லாமே இந்த வகையில் அடங்கும் என்றாலும், அலுவலகத்தில் மனுவைப் படிப்பவர் விதிப்புத்தகத்தைத்தான் புரட்டுவார். அது கழிவா என்று கேட்டாலும் சிக்கல்தான். விற்கவும் உருக்கவும் கூடிய மூலப்பொருளைக் கழிவு என்று எந்தத் தொழிற்சாலையும் ஒப்புக்கொள்ளாது.

நமக்குக் கைகொடுப்பது அதைவிடப் பழைய சட்டம். நீர் (மாசு தடுப்பு மற்றும் கட்டுப்பாடு) சட்டம் 1974, மாசு என்பதற்குத் தரும் வரையறையில் திரவத்தோடும் வாயுவோடும் திடப்பொருளையும் சேர்த்திருக்கிறது. அது நேரடியாக விழுந்தாலும் மறைமுகமாக விழுந்தாலும் மாசுதான். மாசுபடுத்தும் பொருள் நீரோட்டத்திலோ சாக்கடையிலோ நிலத்திலோ சேர்வதைத் தெரிந்தே அனுமதிக்கக்கூடாது என்கிறது அதன் 24-ம் பிரிவு. 25-ம் பிரிவின்படி, கழிவுநீரை வெளியேற்றும் தொழிற்சாலைக்கு மாசு கட்டுப்பாடு வாரியத்தின் இசைவாணை, அதாவது எழுத்து மூலமான அனுமதி, வேண்டும். அதில் வாரியம் நிபந்தனைகளை விதிக்கலாம். 27-ம் பிரிவு அந்த நிபந்தனைகளை அவ்வப்போது மறுபரிசீலனை செய்து மாற்றும் அதிகாரத்தையும் வாரியத்துக்குத் தருகிறது. புதிதாக ஒரு சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை என்று நான் சொல்வது இதனால்தான். “குருணை என்னும் திடப்பொருள் மழைநீரோடு கலந்து இன்ன வடிகால் வழியாக இன்ன கால்வாயில் சேர்கிறது, ஆகவே இசைவாணை நிபந்தனையை 27-ம் பிரிவின்கீழ்த் திருத்த வேண்டும்” என்று எழுதினால் மனுவைத் தட்டிக்கழிப்பது கடினம்.

முதல் வேலை: இசைவாணையைக் கையில் வாங்குவது

தகவல் பெறும் உரிமைச் சட்டம் 2005-ன்கீழ், பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, வாரியத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு விண்ணப்பம் எழுதுங்கள். தொழிற்சாலையின் பெயரும் சாலையும் புல எண்ணும் தெளிவாக இருக்கட்டும். நடப்பிலுள்ள இயக்குவதற்கான இசைவாணையின் நகல், அதன் நிபந்தனைகள், கடந்த மூன்று ஆண்டுகளின் ஆய்வு அறிக்கைகள், மழைநீர் வடிகால் வரைபடம் ஆகிய நான்கைக் கேட்டால் போதும். ‘ஏன்’, ‘எதற்காக’ என்ற கேள்விகளை எழுப்பாதீர்கள். இருக்கும் ஆவணத்தின் நகலை மட்டும் கேளுங்கள். 30 நாளில் பதில் வரவேண்டும். வராவிட்டால் மேல்முறையீடு செய்யலாம். நகல் கிடைத்ததும் மழைநீர் என்ற சொல் எங்கே வருகிறது என்று தேடுங்கள். மழைநீரைத் தனியே வடித்து வெளியேற்ற வேண்டும் என்பதோடு வாசகம் நின்றுவிட்டால், நமது இடைவெளி அதுதான். கூடத்தின் கழிவுநீருக்குச் சுத்திகரிப்பும் அளவீடும் உண்டு. மேடையைக் கழுவிய நீரும் மழையும் சேர்ந்து ஓடும் வடிகாலுக்கு எந்தக் காவலும் இல்லை என்று பொருள்.

இரண்டாவது வேலை: சேகரித்து வைப்பது

இதில் நமக்கு முன்னோடி, அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தைச் சேர்ந்த இறால் மீனவரான டயான் வில்சன். ஃபார்மோசா பிளாஸ்டிக்ஸ் ஆலையிலிருந்து லவாக்கா வளைகுடாவுக்கு வந்த குருணையை, அவரும் உடன் இருந்தவர்களும் பல ஆண்டுகள் நாள்தோறும் பொறுக்கிப் பைகளில் போட்டு, நாளும் இடமும் எழுதி வைத்தார்கள். ஆயிரக்கணக்கில் சேர்ந்த அந்தப் பைகள் நீதிமன்றத்தில் சாட்சியாயின. 2019-ல் அந்த ஆலை 5 கோடி டாலர் தரவும், இனி ஒரு மணியும் வெளியேறாமல் பார்த்துக்கொள்ளவும், அப்படி வெளியேறினால் ஒவ்வொரு முறைக்கும் பணம் கட்டவும் ஒப்புக்கொண்டது.

நம் ஊரில் காட்டுக்குப்பத்திலும் முகத்துவாரக்குப்பத்திலும் இருப்பவர்களுக்கு கடல்நீர் ஏறுவதும் வற்றுவதும் தெரியும் என்பதால், அவர்களில் இருவரைச் சேர்த்துக்கொண்டால் வேலை பாதியாகக் குறையும். நல்ல மழை பெய்து ஓய்ந்த மறுநாள், வற்று நேரத்தில் போங்கள். ஏற்ற நேரத்தில் கடல்நீர் கால்வாய்க்குள் ஏறிக் கலக்கிவிடுவதால், எது மேலிருந்து வந்தது, எது கடலிலிருந்து வந்தது என்று சொல்ல முடியாது. அரை மீட்டர் பக்கமுள்ள சதுரச் சட்டம் ஒன்றை மூங்கிலிலோ குழாயிலோ செய்து, நீர் விட்டுப்போன சருகுக் கோட்டின்மேல் வையுங்கள். சட்டத்துக்குள் இருக்கும் குருணையை மட்டும் பொறுக்கி எண்ணுங்கள். இதைத் தொழிற்சாலை வடிகால் வாய்க்கு மேலே ஓரிடத்திலும் கீழே ஓரிடத்திலும் செய்யவேண்டும். மேலே மூன்றும் கீழே நாற்பதும் இருந்தால் அந்த எண்களே பேசும். கீழே மட்டும் எண்ணிக்கொண்டு போனால், எங்கிருந்தோ வந்தது என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்.

எடுத்ததைக் காகித உறையில் போட்டு நாள், நேரம், இடம், எண்ணிக்கை, எடுத்தவர் கையொப்பம் ஆகியவற்றைப் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை ஈரத்தில் கரைந்துவிடும். நிறத்தையும் குறியுங்கள். வெள்ளையாகவும் பளபளப்பாகவும் இருந்தால் அண்மையில் சிந்தியது என்றும், மஞ்சளாகி மங்கியிருந்தால் வெகுநாள் வெயில் பட்டது என்றும் பொதுவாகக் கொள்ளலாம். ஒரு குவளை நல்ல நீரில் போட்டுப் பார்ப்பதும் பயன்படும்: பாலித்தீனும் பாலிப்ரொப்பிலீனும் மிதக்கும்; பெட் (தண்ணீர் பாட்டில் செய்யும் பிளாஸ்டிக்), பி.வி.சி. ஆகியவை மூழ்கும். குழாய் செய்யும் பி.வி.சி. கூடத்தின் வாசலில் மிதக்கும் குருணையைக் காட்டிக் குற்றம் சுமத்திவிட்டுத் திரும்பி வரும் அவமானம் இதனால் தவிரும். வெறுங்கையால் எடுக்காமல் கையுறை போடுங்கள். நீரிலுள்ள பூச்சிக்கொல்லி எச்சம் போன்ற நச்சுகளைக் குருணை தன்மேல் ஈர்த்துக்கொள்ளும்.

நீங்கள் எடுத்த மாதிரி நீதிமன்றத்தில் வாரியத்தின் மாதிரிக்கு ஈடாகாது. நீர்ச் சட்டத்தின் 21-ம் பிரிவில் சொன்ன முறைப்படி வாரிய அதிகாரி எடுப்பதற்கே அந்த மதிப்பு. அதிகாரியை அந்த இடத்துக்கு, அந்த நாளில் வரவழைக்கும் வலிமை உங்கள் உறைகளுக்கு உண்டு.

மூன்றாவது வேலை: நிபந்தனையை நாமே எழுதிக் கொடுப்பது

“நடவடிக்கை எடுக்க வேண்டுகிறோம்” என்று முடியும் மனுவுக்கு, “நடவடிக்கை எடுக்கப்பட்டது” என்று பதில் வரும். என்ன நடவடிக்கை என்பதை நாமே வரைந்து கொடுக்கவேண்டும். கலிஃபோர்னியாவின் 2007-ம் ஆண்டுச் சட்டம் இதற்கு நல்ல மாதிரி. வடிகாலில் 1 மில்லிமீட்டர் கண்ணுள்ள வலையில் தங்கும் எதையும் பிடிக்கும் அமைப்பு இருக்கவேண்டும். ஆண்டுக்கொரு முறை வரக்கூடிய ஒரு மணி நேர மழையின் உச்ச ஓட்டத்தை அது தாங்கவேண்டும். குருணையை மாற்றும் குழாய்வாய்களின் அடியில் ஏந்து தட்டு இருக்கவேண்டும். சிந்தியதை எடுக்க உறிஞ்சு கருவி வேண்டும் என்று அது அளவோடு சொல்கிறது.

அதை அப்படியே இங்கே எடுத்து வைத்தால் ஐப்பசி மழையில் முதல் நாளே அடைத்துக்கொள்ளும். ஆயிரம் சதுர மீட்டர் முற்றத்தில் மணிக்கு 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் 50,000 லிட்டர், அதாவது வினாடிக்குச் சுமார் 14 லிட்டர் நீர் வடிகாலுக்கு வரும். அதோடு இலையும் பாலித்தீன் பையும் சேறும் வந்து மெல்லிய வலையை மூடிவிட்டால் முற்றத்தில் நீர் தேங்கும். காவலாளி முதலில் செய்வது வலையைத் தூக்கி எறிவதுதான். ஆகவே மூன்று படியாகக் கேளுங்கள். முதலில் குப்பையைத் தடுக்கும் அகலக் கம்பி வலை. அடுத்து ஒரு தொட்டி. அதன் நடுவே மேலிருந்து நீருக்குள் பாதி இறங்கும் தடுப்புச் சுவர் இருந்தால், நீர் அடியால் போகும், மிதக்கும் குருணை மேலே நிற்கும், மூழ்கும் குருணை தரையில் படியும். கடைசியில் 1 மில்லிமீட்டர் வலை. இந்த அமைப்பைப் பருவமழைக் காலத்தில் நாள்தோறும், மற்றக் காலத்தில் வாரம் ஒரு முறை சுத்தம் செய்து, எடுத்த குருணையை எடைபோட்டுப் பதிவேட்டில் எழுதவேண்டும் என்ற வரியையும் சேருங்கள். எடை எழுதாத பதிவேடு சடங்குதான்.

என் அனுபவத்தில் இதைவிடக் கூர்மையான ஆயுதம் சரக்குக் கணக்கு. வாங்கிய எடை, இயந்திரத்துக்குப் போன எடை, பொருளாக வந்த எடை, மறுபடி அரைத்த எடை என எல்லாமே எந்தச் சரக்கறையிலும் ஏற்கெனவே இருக்கிறது. கணக்கில் விடுபடும் பங்கை ஆண்டுக்கொரு முறை வாரியத்துக்குத் தெரிவிக்கச் சொன்னால் போதும். ஆண்டுக்கு 600 டன் உருக்கும் கூடத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு காணவில்லை என்றால் 600 கிலோ. அதாவது 24 மூட்டை, மூன்று கோடி மணி. முதலாளிக்கும் இந்த எண் வலிக்கும். தண்ணீர் அடிக்காதே என்று அதன்பிறகு அவரே சொல்வார்.

தண்ணீர் அடிப்பதற்குத் தடையைத் தனி நிபந்தனையாகவே கேளுங்கள். திறந்தவெளியில் மூட்டை அடுக்கக்கூடாது, கொக்கி பயன்படுத்தக்கூடாது, காலிக் கன்டெய்னரை வளாகத்துக்குள்ளேயே உறிஞ்சு கருவியால் துடைத்துவிட்டே வெளியே அனுப்பவேண்டும் என்பவற்றையும் சேர்க்கலாம்.

சிறு பட்டறைகள்

பழைய பிளாஸ்டிக்கை அரைத்து, கழுவி, மறுபடி குருணையாக்கும் சிறு பட்டறைகள் வடசென்னையில் உண்டு. ஐந்தாறு பேர் வேலை செய்யும் இடத்தில் பெரிய ஆலைக்கான நிபந்தனையைத் திணித்தால் பட்டறை மூடப்படும், அல்லது பெயர்ப்பலகையில்லாமல் வேறு சந்துக்குப் போய்விடும். ஐரோப்பிய ஒன்றியம் 2025-ல் நிறைவேற்றிய குருணை ஒழுங்குமுறை இதைக் கவனித்திருக்கிறது. ஆண்டுக்கு 5 டன்னும் அதற்கு மேலும் கையாளும் எல்லாரும் இடர்த் திட்டமும் இழப்புப் பதிவும் வைத்திருக்கவேண்டும். 1,500 டன்னும் அதற்கு மேலும் கையாளும் பெரிய, நடுத்தர நிறுவனங்கள் வெளியார் சான்று பெறவேண்டும். மிகச் சிறியவர்களுக்குச் சுய அறிவிப்பு போதும். ஆனால் அரைக்கும் பட்டறையில் வெளியேறுவது குருணை மட்டுமல்ல. 1 மில்லிமீட்டருக்கும் குறைந்த தூளும் கழுவுநீரோடு போகிறது. அங்கே வலை பயன்படாது. படிவுத் தொட்டியும், நீரை மறுபடி சுழற்றிப் பயன்படுத்துவதும்தான் வழி. வேடிக்கை என்னவென்றால், நம் விதியின் நுண்பிளாஸ்டிக் வரையறைக்குள் சரியாக விழுவது இந்தத் தூள்தான்.

துறைமுகம்

இதைப் பற்றி ஊர்ச் சங்கம் செய்யக்கூடியது குறைவு. பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு 2024-ல் வெளியிட்ட பரிந்துரை, குருணையைக் கிழியாத நல்ல கட்டில் அடைக்கவேண்டும், கன்டெய்னரில் குருணை இருப்பதைக் கப்பலுக்குத் தெரிவிக்கவேண்டும், முடிந்தவரை மேல்தளத்துக்குக் கீழே வைக்கவேண்டும் என்கிறது. இது கட்டாயமில்லை. சென்னை, காமராசர், காட்டுப்பள்ளித் துறைமுகங்கள் தங்கள் சரக்கு ஏற்பு விதிகளில் இதைச் சேர்க்கவேண்டும் என்று கேட்கலாம். 2017 ஜனவரியில் எண்ணூருக்கு அப்பால் இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது அதை வாளியில் அள்ளிய கரை இது. குருணை கொட்டினால் எதில் அள்ளுவோம் என்று எழுத்தில் கேட்பது நியாயமே.

வாரியம் பேசாவிட்டால்

ஒப்புகை அட்டையுடன் அனுப்பிய மனுவுக்கு இரண்டு மாதமாகியும் பதிலில்லை என்றால் நினைவூட்டு எழுதுங்கள். அதில் நீர்ச் சட்டத்தின் 33அ பிரிவின்கீழ் வாரியத்துக்கு மூடும் ஆணையும், மின்சாரம் துண்டிக்கும் ஆணையும் தரும் அதிகாரம் இருப்பதைக் குறிப்பிடுங்கள். அதற்கும் பதிலில்லை என்றால், தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு நம் நகரிலேயே இருக்கிறது. அங்கே கவனிக்க வேண்டியது காலக்கெடு. தீர்ப்பாயச் சட்டத்தின் 14-ம் பிரிவில் வழக்குத் தொடரக் காரணம் முதலில் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதம். தக்க காரணம் காட்டினால் இன்னும் 60 நாள். மீன்பிடி இழப்புக்கு ஈடு கேட்கும் 15-ம் பிரிவுக்கு ஐந்து ஆண்டு. மனுவுக்குப் பதில் வரும் என்று காத்திருந்தே ஆறு மாதத்தைக் கோட்டைவிடுவது எளிது என்பதால், முதல் உறையில் எழுதிய தேதியை நாட்காட்டியில் குறித்து, ஐந்தாம் மாதத்தில் வழக்கறிஞரைப் பார்த்துவிடுங்கள்.

வழக்கறிஞரிடம் போகும்போது இசைவாணை நகல், மனுவும் ஒப்புகையும், எண்ணிக்கைத் தாள், உறைகள் ஆகியவற்றைத் தேதி வரிசையில் அடுக்கிக்கொண்டு போங்கள். உறைகளை எறும்பும் ஈரமும் அண்டாத எவர்சில்வர் டப்பாவில் வையுங்கள். பிளாஸ்டிக் டப்பாவில் வைத்தால், அதிலிருந்து உதிர்ந்ததாக இருக்கலாமே என்று எதிர்த்தரப்பு கேட்கும்.